காற்று ஐயா

பிப்ரவரி 3

இந்த டைரி கோவில்பட்டியில் ஒரு நகைக்கடை கொடுத்தது. வீட்டுக்காரி புஷ்பம் கம்மலுக்குத் திருகாணி மாற்றப் போனபோது கேட்டு வாங்கி வந்து, என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். "ஃபோன்ல எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு ரெண்டே வார்த்தைதான். அங்க நடக்குறத எல்லாம் இதுல எழுதிட்டு வாங்க. வந்தப்புறம் நான் படிச்சிக்கிறேன்" என்று உத்தரவு. பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். காங்கோவில் ராகுகாலத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் பார்ப்பது என்று மட்டும் போடவில்லை.

எங்கள் முகாமில் ஹெலிகாப்டரைத் தவிர மற்றதெல்லாம் கன்டெய்னர். தூங்குவது கன்டெய்னரில், குளிப்பது கன்டெய்னரில், சாமி கும்பிடுவதும் கன்டெய்னரில். ஐ.நா. அமைதிப்படை வேலைக்கு வந்த எங்களைக் கப்பல் சரக்கு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னோடு ஒரே கன்டெய்னரில் இருப்பவன் கார்ப்பரல் சஜி, ஆலப்புழைக்காரன். தான் பேசுவது தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கும்போது பைலட்டுக்கு முன்னால் இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது கொஞ்சம் தெரியும். காலுக்குக் கீழேயும் முதுகுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. வாசல் கதவைத் திறந்து, இடுப்பு பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி, குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டி, "பின்னால் மரம், இன்னும் கொஞ்சம் முன்னால் வாங்க சார், இப்போது சுத்தம், இறங்கலாம்" என்று ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டே வருபவன் நான். நான் சுத்தம் என்றால்தான் சக்கரம் தரையைத் தொடும். விமானப்படை சர்வீஸில் இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

புஷ்பத்திடம் ஸ்டோரில் உதிரிப் பாகங்களுக்குப் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. காலையில் கொஞ்ச நேரம் ஸ்டோரிலும் இருக்கிறேன். இந்தப் பக்கத்தை ஊருக்குப் போகுமுன் கிழித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 8

துணி துவைத்தேன். இந்த ஊர் மண் கறுப்பு. எரிமலை கக்கியது என்கிறார்கள். நம் கரிசல் மாதிரியே இருக்கிறது, ஆனால் சட்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மெஸ்ஸில் சாம்பார் என்று ஒன்று போட்டார்கள். பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக, பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே பாத்திரத்தில் கிடந்தன.

புஷ்பம் பேசினாள். ஊரில் எங்கள் வீட்டுச் சுவர் ஜன்னல் உயரம் தாண்டிவிட்டது. மனுஷி இப்போது பேசுவதெல்லாம் எம்-சாண்ட், கம்பி, சென்ட்ரிங் பலகைதான். கொத்தனார் மாசானம் அவளைக் கண்டாலே பீடியை அணைத்துவிடுகிறாராம். "கான்கிரீட் போடுற அன்னைக்கு மட்டும் நீங்க ஃபோன்ல இருக்கணும். வீடியோவுல காட்டுறேன். நீங்க பாத்தாத்தான் எனக்கு வீடு கட்டுன மாதிரி இருக்கும்" என்றாள். இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15

மழை. பறக்கவில்லை. கேரம் போர்டில் சஜியிடம் தோற்றேன். போர்டு சாய்ந்திருந்தது.

பிப்ரவரி 22

கிபாங்காவுக்குப் போய் வந்தோம். மலைமேல் இருக்கும் ஊர். நம் காலாட்படைக்காரர்கள் கொஞ்சம் பேர் அங்கே காவலுக்கு இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வாரம் ஒரு தடவை ரேஷன் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பெரிய வைத்தியம் வேண்டியவர்களை ஏற்றி வருவோம். ஜீப் பாதையின் குலுக்கலை நோயாளிகள் தாங்கமாட்டார்கள். நாங்கள் போகாவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் மலை இறங்க வேண்டும். இறங்குகிற இடம் ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம்.

இன்று மைதானத்தின் நடுவில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தொடை எலும்பு முறிந்த ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு ஓரத்தில் காத்திருந்தார்கள். அந்தச் சேற்றில் தூக்கி வந்தால் வழுக்கிக் கீழே போட்டுவிடுவார்கள் என்று பட்டது. "வலது ஓரம் காய்ந்திருக்கு சார், அங்கே வாங்க" என்றேன். பைலட் பட்நாயக் சார் நிதானமானவர். "அங்கே வீடு இருக்கிறதே முத்து?" என்று கேட்டார். "தூரந்தான் சார். சுத்தம்" என்றேன்.

தூரம் இல்லை.

அது புதுத் தகரம் போட்ட வீடு. மற்ற வீடுகளெல்லாம் புல் கூரை. எங்கள் விசிறிக் காற்றில் முதல் தகரம் ஓரமாகக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. நான் "மேலே, மேலே" என்று கத்துவதற்குள் அது எழும்பிவிட்டது. அடுத்தது, அதற்கடுத்தது. அப்பளக் கட்டைப் பிரித்துக் காற்றில் விட்டதுபோல எல்லாம் பறந்து எட்டாத மலைப்பள்ளத்தில் விழுந்தன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவரைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கையில் அவரைப் பயறு புடைக்கும் முறம். அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. ஹெலிகாப்டரில் எத்தனையோ பேர் இருக்க, வாசலில் நீட்டிக்கொண்டிருந்த என் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நஷ்டஈடு மேலிடத்திலிருந்து வரும். வழக்கமாக ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள். பெருமழை இன்னும் சில வாரங்களில். அது என் இலாகா இல்லை.

பிப்ரவரி 23

நன்றாகத் தூங்கினேன். சஜி மட்டும், "அண்ணா, ராத்திரி முழுக்க நீங்க தகரம் தகரம்னு பறஞ்சு" என்கிறான். அவன் தமிழை நம்ப முடியாது.

மார்ச் 1

கிபாங்காவில் இறங்க முடியவில்லை. மைதானத்துக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் அந்தம்மா. மடியில் முறம். எங்களை வட்டமடிக்க விட்டுவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவரைப் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

பட்நாயக் சார் சுற்றிச் சுற்றி வந்தார். "முத்து, உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்காங்கபோல" என்றார். நல்லவேளை, இன்று ஏற்ற வேண்டிய நோயாளி யாரும் இல்லை. வெங்காய மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

மார்ச் 3

பட்நாயக் சார் கூப்பிட்டுச் சொன்னார். இறங்க இடம் இல்லாத ஊரை எங்கள் வாரப் பறப்புச் சுற்றில் வைத்திருக்க முடியாதாம். இந்த மாதக் கடைசிக்குள் மைதானம் கிடைக்காவிட்டால் கிபாங்காவை எடுத்துவிடுவார்கள். காவலுக்கு இருப்பவர்களை ஜீப்பில் ரேஷன் அனுப்பிச் சமாளிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு என்ன வழி என்று கேட்டேன்.

"சார், நான் போய் அந்தம்மாகிட்டப் பேசிப் பார்க்கவா?"

"நீ கேட்பாய் என்றுதான் கூப்பிட்டேன்" என்றார்.

மார்ச் 8

ரேஷன் ஜீப்பில் ஒரு பகல் முழுக்கக் குலுங்கிக் கிபாங்கா போய் வந்தேன். இடுப்பு என்று ஒன்று எனக்கு இருந்தது.

கூட வந்தவர் மொழிபெயர்ப்பாளர் பொனிஃபாஸ். முன்பு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். நான் பேசுகிற இங்கிலீஷைத் திருத்திவிட்டுத்தான் மொழிபெயர்ப்பார். அந்தம்மாவின் பெயர் மாமா ஸவாதி என்று வழியில் சொன்னார். இங்கே அம்மாவுக்கு மாமா என்று பேர். நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் கூட்டிப் போனார். மேலே வானம். மூலையில் ஒரு தார்ப்பாய்த் துண்டுக்குக் கீழே கட்டில், அவரை மூட்டை, கட்டிப் போட்ட ஒரு ஆடு. இந்தத் தகரத்துக்காகத் தலைச்சுமையாக அவரைப் பயறு விற்றே வருஷங்கள் போயினவாம். போட்டு முடித்த மறுவாரம் நாங்கள் வந்திருக்கிறோம்.

கூரையைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன். முகாமில் ஒரு பழைய ஷெட்டைப் பிரித்த தகரம் கிடக்கிறது. எடுத்துக்கொள்ள சார் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மாமா ஸவாதி நிறையப் பேசினார். பொனிஃபாஸ் மூச்சு வாங்கச் சொன்னார்: "காற்று ஐயா, நீங்கள் கூரை போடுவீர்கள். போய்விடுவீர்கள். அடுத்த வாரம் உங்கள் மெஷின் வந்து அதையும் பிடுங்கிப் போடும். பிறகு இன்னொரு நல்ல மனுஷர் வந்து மன்னிப்புக் கேட்பார். எனக்கு மன்னிப்பு போதும் போதுமென்று ஆகிவிட்டது."

"என்ன செய்தால் நம்புவீங்க?"

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூரையைப் போடுங்கள். அன்றைக்கே அந்த மெஷினை வரச் சொல்லுங்கள், அதே இடத்தில். அது இறங்கும்போது நீங்கள் என்னோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். கூரை நின்றால் மைதானம் உங்களுக்கு. பறந்தால் நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டேன்."

நியாயந்தான். எங்கள் யூனிட்டிலும் அதே பழக்கம். ரிப்பேர் பார்த்து ஓகே சொன்னவனை முதல் பறப்பில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். வேலையில் சந்தேகம் இருந்தால் அப்போது முகத்தில் தெரிந்துவிடும்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். காற்று ஐயாவாம். கன்டெய்னருக்குள் நுழைவதற்குள் சஜிக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 10

புஷ்பத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஸ்டோர் பக்கத்துல ஒரு தகர ஷெட்டு. காத்துக்குத் தாங்குற மாதிரி போடணும். மாசானத்துக்கிட்ட யோசனை கேளேன்."

"எதுக்கு மாசானம்? நான் இல்லையா? எதுல மாட்டப் போறீக?"

"கொக்கி போல்ட்டுதான். தகரத்துல ஓட்டை போட்டு, கூரை மரத்தோட சேத்து முறுக்கிருவோம்."

"தகரத்த மரம் பிடிச்சிருக்கும். சரி. மரத்த யாரு பிடிச்சிருப்பா?"

எனக்கும் சஜிக்கும் பட்நாயக் சாருக்கும் இது தோன்றவே இல்லை. நாங்கள் தகரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். இத்தனை பிடிமானத்தோடு பறந்தால் கூரை மொத்தமாக மரத்தோடு பறக்கும்.

"மூலைக்கு மூலை குழி தோண்டி, கல்லுல கம்பியக் கட்டிப் புதைச்சு, அந்தக் கம்பிய மேல இழுத்து மரத்துல கட்டுங்க. எங்க மாட்டுக் கொட்டகைக்கு எங்கய்யா அப்படித்தான் செஞ்சாரு." பிறகு கேட்டாள்: "ஏங்க, ஒரு ஷெட்டுக்கா இம்புட்டுக் கவலப்படுறீக?"

"அரசாங்கச் சொத்துல்ல" என்றேன்.

இவளுக்குக் கான்கிரீட் தேதி குறித்தாகிவிட்டது. மார்ச் 20. காலையில் தொடங்கிப் பொழுது சாய முடித்துவிடுவார்களாம். இருக்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன்.

மார்ச் 14

முதல் பெருமழை. கன்டெய்னர் கூரையில் பேச்சே கேட்காத அளவுக்கு அடித்தது. சஜி மீன் கறி வைத்தான். ருசி இல்லை என்றேன். ருசி நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 16

கிபாங்காவில் மழை இல்லாத நாள் பார்த்தார்கள். ஜீப்பும் ஹெலிகாப்டரும் சேர்ந்து கிடைக்கிற ஒரே நாள் மார்ச் 20.

சாரிடம் தேதியை மாற்றக் கேட்கலாம். கேட்டால் காரணம் கேட்பார். சொன்னால் என்னைப் போகவேண்டாம் என்பார், வேறு ஆளை அனுப்புவார். மாமா ஸவாதி வேறு ஆளை ஏற்கமாட்டார். புஷ்பத்துக்கு மாசானம் இருக்கிறார், அவள் அண்ணன் இருக்கிறார், ஊரே இருக்கிறது. வீடியோவில் பார்த்தால் என்ன, பிறகு பார்த்தால் என்ன. கான்கிரீட் ஓடியா போகப்போகிறது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 18

சொல்லவில்லை. நேற்று லைன் சரியில்லை. இன்று லைன் நன்றாக இருந்தது.

சாயந்தரம் நானும் சஜியும் ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டுகளுக்குத் துளை போட்டோம். ஹெலிகாப்டரில் முக்கியமான போல்ட் எதையும் வெறுமனே முறுக்கி விடமாட்டோம். குலுங்குகிற குலுக்கலில் தானாகக் கழன்றுவிடும். முறுக்கியபின் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, பக்கத்து போல்ட்டோடு சேர்த்து முறுக்கிப் பூட்டுவோம். லாக்கிங் வயர் என்று பேர். ஒன்று கழலப் பார்த்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். கடைத்தெருவில் வாங்கிய கொக்கி போல்ட்டுக்குத் துளை எது? ஒவ்வொன்றாகப் போட்டோம். சஜிக்குக் கை கொப்பளித்துவிட்டது.

"அண்ணா, லோகத்துல வேற எந்த வீட்டுக்கும் இதுபோல கூரை உண்டாகில்லா" என்றான்.

"நாளைக்கழிச்சு வாசலில் என் இடத்தில் நீதான் படுக்கப் போகிறாய். ஒழுங்காகப் பார்த்துச் சொல்."

"நான் பார்க்கும். நீங்க உள்ளே பிரார்த்திச்சா மதி." மதி என்றால் போதும் என்று அர்த்தமாம்.

மார்ச் 20

ஜீப்பில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. இங்கே இன்னும் சரியாக விடியவில்லை, ஊரில் இந்நேரம் மிக்ஸர் மெஷின் ஓட ஆரம்பித்திருக்கும். மலை ஏறியதும் ஃபோனில் சிக்னல் கோடு போய்விட்டது. "வேலை வந்திருச்சு, மன்னிச்சிரு" என்று நேற்று ராத்திரி ஒரு வரி அனுப்பினேன். பதில் வரவில்லை.

மார்ச் 21

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலையிலேயே போய்விட்டோம். காவலுக்கு இருக்கும் நம் ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, பார்க்கப் பொறுக்காமல் வேலையில் இறங்கிவிட்டார்கள். மூலைக்கு ஒரு குழி தோண்டி, கறுப்புக் கல்லில் கம்பியைக் கட்டிப் புதைத்தோம். கம்பியை மேலே இழுத்து மரத்தில் கட்டி, பிறகு தகரம், பிறகு போல்ட். கடைசியில் நான் கூரைமேல் குந்திக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக லாக்கிங் வயர் முறுக்கினேன். மாமா ஸவாதி கீழே நின்று, நான் விட்டுவிட்டுப் போன போல்ட்டைக் குச்சியால் காட்டினார். விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

மதியம் ரேடியோவில் பட்நாயக் சார் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. "முத்து, நிச்சயமாக அதே இடமா?" என்று கேட்டார். "அதே இடம் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

உள்ளே போனோம். அந்தம்மா கதவைச் சாத்தினார். ஆடும் உள்ளேதான் இருந்தது. கட்டிலில் என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொனிஃபாஸ் வெளியிலேயே நிற்பதாகச் சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்காது என்றார். கெட்டிக்காரர்.

முதலில் சத்தம் தூரத்தில் மாவு அரைக்கிற மாதிரி கேட்டது. பிறகு சுவர் வழியாக வந்தது. பிறகு கட்டில் வழியாக வந்தது. இத்தனை வருடம் இந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்திருக்கிறேன், கீழே ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன். நாங்கள் இறங்கிய எல்லா ஊரிலும் இப்படித்தான் இருந்திருக்குமா?

ஜன்னல் இடுக்கில் புழுதி பீறிக்கொண்டு வந்தது. தகரம் முழுக்க உறுமியது. ஒரு மூலையில் மரம் முறுக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தது. கம்பி விறைத்தது. மரம் நின்றது. ஆடு கத்தியதா, வாயை மட்டும் திறந்ததா என்று தெரியவில்லை. நான் மேலே கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா கூரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தோளில் கிடந்த துணியை எடுத்து என் தலைக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் போட்டு மூடினார்.

பயந்தேன் என்று எழுதமாட்டேன். ஆனால் சத்தம் அடங்கி, துணியை விலக்கியபோது, அந்தம்மாவின் கை என் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. நான்தான் பிடித்திருக்க வேண்டும். விரல்கள் சிவந்துபோயிருந்தன.

கூரை இருந்தது.

மாமா ஸவாதி எழுந்தார். விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து, மூலை மூலையாகத் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் நின்று காதைக் கொடுத்தார். முழுக்கத் தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. முகத்தைப் புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வெளியே சஜி ஹெலிகாப்டர் வாசலிலிருந்து குதித்து ஓடி வந்தான். "அண்ணா, ஞான் கண்ணு சிம்மலே! ஒரு தகரம்கூட அனங்கியில்லா!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். கண் இமைக்கவில்லையாம், ஒரு தகரம்கூட அசையவில்லையாம். அவன் பேசுவதும் தமிழ்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 22

புஷ்பம் பேசினாள்.

கான்கிரீட் நன்றாக வந்துவிட்டதாம். பாதியில் மிக்ஸர் மெஷின் நின்றுபோய், மாசானம் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். நிறுத்தினால் ஒட்டுப்போட்ட தளமாகிவிடும் என்று இவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஆட்களோடு ஆளாகக் கையாலேயே கலவை போட்டிருக்கிறாள். இப்போது மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களாம். எல்லாம் சொன்னாள். குரலில் மட்டும் உப்புச் சப்பு இல்லை.

"எத்தன தடவ ஃபோன் போட்டேன் தெரியுமா? வந்த ஆளுக எல்லாம் உங்களைத்தான் கேட்டாக. ஸ்டோர்ல அப்படி என்ன வேல?"

அவள் வருத்தத்தைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மாமா ஸவாதி, முறம், நாற்காலி, அவள் சொன்ன கல்லும் கம்பியும், வீட்டுக்குள் உட்கார்ந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்கக் கேட்க அவள் குரல் இளகியது. "மாமாவா? பொம்பளைக்கா? நல்லாத்தான் வச்சாக பேரு" என்று சிரித்தாள். "அந்தம்மா உங்களப் பிடிச்சு உள்ள ஒக்கார வச்சாக பாருங்க, அதுதான் சரி. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்போது கேட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு வெளங்கல. சேறு கெடக்கு, வலது பக்கம் காஞ்சிருக்குன்னு நீங்கதான சொன்னீக? ஸ்டோர்ல இருந்துக்கிட்டு மேலயிருந்து எப்படிப் பாத்தீக?"

கன்டெய்னரில் சஜி மெல்ல எழுந்து வெளியே போய்விட்டான்.

வாசலைச் சொன்னேன். குப்புறப் படுப்பதைச் சொன்னேன். அழுகிறாள் என்று மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "உங்கள வைய வாய் வரமாட்டேங்குது. பயமா இருக்கு."

"பெல்ட் மாட்டிக்கிருவேன் புஷ்பம்."

"பெல்ட்ட எது பிடிச்சிருக்கும்?"

"கொக்கி."

"கொக்கிய?"

"தரையில இரும்புச் சட்டத்தோட போல்ட் போட்டிருக்கு. லாக்கிங் வயர் வேற முறுக்கியிருக்கு."

"அத முறுக்குனது யாரு?"

"நான்தான்."

"அப்பச் சரி" என்றாள். பிறகு, ஃபோனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, பாத்தி கட்டின தண்ணீரைக் காட்டினாள். தண்ணீரில் அவள் நிழல் தெரிந்தது. அவ்வளவு அழகான கான்கிரீட்டை நான் பார்த்ததில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

மார்ச் 29

கிபாங்கா சுற்றில் இருக்கிறது. இன்று போனோம்.

மழை விட்டிருந்தது. வாசலில் படுத்துத் தலையை நீட்டினேன். மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை, ஒரு ஆடு இல்லை. நடுவில், வீடுகளுக்கு நன்றாகத் தள்ளி, மாமா ஸவாதி நின்றுகொண்டிருந்தார். தோள்துணியை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து, வா வா என்று காட்டினார். நாங்கள் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கியதும் துணியால் ஓங்கி அடிக்கிற மாதிரி சைகை செய்தார்.

"முத்து, யார் சொல்வதைக் கேட்கட்டும்?" என்று ஹெட்செட்டில் பட்நாயக் சார் கேட்டார்.

"அந்தம்மா காட்டுற இடத்தில் இறங்குங்க சார்" என்றேன். அதற்குமேல் நான் பேசவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டதும் அந்தம்மா பின்வாங்கி ஓரமாகப் போய், குனிந்து நின்றுகொண்டார். விசிறி நின்றபின் நேராக என்னிடம் வந்து படபடவென்று பொரிந்தார். எங்களோடு வந்திருந்த பொனிஃபாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "காற்று ஐயா, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறார். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கஷ்டப்படுகிற பெண்ணைக் காலையிலேயே இங்கே கொண்டுவந்து காத்துக்கொண்டிருக்கிறாராம்."

மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தை அவர் பிடித்தார், பின்பக்கத்தை நான் பிடித்தேன்.